வளர்ந்த பிறகு வரும் அம்மை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நார்த்தாமலை குழு உறுப்பினர் பேசியது)





எனக்குக் கொடுத்த தலைப்பு "பெண்களும் உடல்நலமும்". அது பெரிய தலைப்பு. எல்லாத்தையும் தொட்டுப் பேசினா ஒண்ணும் மனசுல நிக்காது. அதனால ஒரே ஒரு நோயைப் பத்தி மட்டும் பேசறேன். வளர்ந்த பிறகு வரும் சின்னம்மை. நான் பட்டது அது. நம்ம கூட்டமைப்புல இன்னும் பல பேருக்கு வரக்கூடியதும் அதுதான்.

நார்த்தாமலைக்காரி அம்மையைப் பத்திப் பேசறதுல ஒண்ணும் அதிசயம் இல்லை. எங்க ஊர்ல குடியிருக்கிறவளே முத்துமாரியம்மன். பங்குனியில பூச்சொரிதல், காப்புக் கட்டு, பால்குடம், தீச்சட்டி, தேர்னு சுத்துப்பட்டு ஊரே அங்கே வந்து நிக்கும். முத்துன்னா என்ன? உடம்புல முத்து முத்தாப் போடுற அந்தக் கொப்புளம்தான். போட்டவளும் அவளே, இறக்குறவளும் அவளேன்னு நம்ம முன்னோர் கும்பிட்டாங்க. வெயில் ஏற ஆரம்பிக்கிற மாசி, பங்குனியில அம்மை கூடுதலா வரும். திருவிழாவும் அப்பதான் வரும்.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுச் சொல்லிடறேன். நம்ம அப்பாயி காலத்துல ஊரையே காலி பண்ணின அம்மை வேற. அது பெரியம்மை. முகமெல்லாம் குழி விழுந்த பெரியவங்களை நம்மில் சில பேர் பார்த்திருப்போம். 50 வயசுக்கு மேல இருக்கிற பல பேருக்கு மேல்கையில வட்டமா ஒரு தழும்பு இருக்கும். அம்மைப்பால் குத்தினதுன்னு சொல்வாங்க. அது பெரியம்மைக்கான தடுப்பூசி. இந்தியாவுல பெரியம்மை கடைசியா வந்தது 1975-ல. 1980-ல உலக சுகாதார நிறுவனம் அந்த நோய் உலகத்தை விட்டே போயிடுச்சுன்னு அறிவிச்சது. இன்னைக்கு நம்ம வீட்ல வர்றது சின்னம்மை. விளையாட்டம்மைன்னும் சொல்றோம். பேருதான் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் கிருமி வேற வேற. அம்மைப்பால் குத்தின தழும்பு கையில இருக்கேன்னு சின்னம்மை வராதுன்னு நினைச்சுக்கக் கூடாது.

இன்னொரு குழப்பமும் இருக்கு. "எம்புள்ளைக்கு அம்மை ஊசி அங்கன்வாடியிலயே போட்டாச்சே" என்பாங்க. 9-வது மாசத்திலயும் ஒன்றரை வயசு வாக்கிலயும் போடுற ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். தட்டம்மைங்கிறது நாம மணல்வாரின்னு சொல்றது. 2017-ல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா வந்து போட்டாங்களே, அதுவும் அதுதான். சின்னம்மை ஊசி அரசு இலவசமாப் போடுற பட்டியல்ல இல்லை. அதனால நம்ம பிள்ளைகளுக்கும் வரும், பிள்ளைகள்கிட்டேயிருந்து நமக்கும் வரும்.

சின்ன வயசுல ஒரு தடவை வந்தவங்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. வராமலே வளர்ந்தவங்கதான் மாட்டிக்கிறது. தடுப்பூசி போடாத குளிர் தேசங்கள்ல பத்து வயசுக்குள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்து போயிடுமாம். நம்ம மாதிரி வெயில் தேசத்துல அப்படி இல்லை. கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயி வாங்கிட்டு வர்ற வரைக்கும் அம்மை பார்க்காத பெண்கள் இங்கே நிறைய.

அப்படி ஒருத்திதான் நான். மூணு வருஷத்துக்கு முன்னாடி மாசி மாசம். ரெண்டாவது படிக்கிற என் சின்னவனுக்கு வந்துச்சு. நாலு நாள் சொறிஞ்சான், வேப்பிலைப் படுக்கையில படுத்துக்கிட்டே கார்ட்டூன் பார்த்தான், நுங்கு கேட்டான். பொருக்கு கட்டுனதும் ஓடிட்டான். அவனுக்கு முத்து போட்டதுலேருந்து 15-வது நாள் எனக்கு ஜுரம். சாதாரண ஜுரம் இல்லை. முதுகு, இடுப்பு, தலைன்னு அடிச்சுப் போட்ட மாதிரி வலி. மறுநாள் காலையில வயித்துல நாலு, முதுகுல பத்து, சாயங்காலத்துக்குள்ள தலைமுடிக்குள்ள, வாய்க்குள்ள, கண் ஓரத்துல எல்லாம் வந்துடுச்சு. மகனுக்கு எண்ணிப் பார்க்கலாம் போல இருந்தது, எனக்கு எண்ண முடியலை.

இதுக்குக் காரணம் உண்டுன்னு அப்புறம் செவிலியர் அம்மா சொன்னாங்க. ஒரே வீட்ல ரெண்டாவதா வர்றவங்களுக்கு அதிகமாப் போடும். வீட்டுக்குள்ளேயே ராத்திரி பகலா கிருமி உடம்புல ஏறியிருக்கும். வளர்ந்தவங்களுக்கு ஜுரமும் வலியும் பிள்ளைகளைவிடக் கூடுதல். நுரையீரல்ல இறங்குற ஆபத்தும் பல மடங்கு கூடுதல். பீடி, சிகரெட் குடிக்கிற ஆம்பிளைங்களுக்கு அது இன்னும் கூடுதலாம். இதை வீட்ல போய்ச் சொல்லுங்க.

எனக்கு முத்து தெரிஞ்ச அன்னைக்கே வீட்ல பேச்சு வந்துச்சு. "ஆத்தா வந்திருக்கா, மருந்து மாத்திரைன்னு போகாதே, ஊசி போட்டா கோவிச்சுக்குவா"ன்னு பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னாங்க. எங்க அத்தை, அதாவது என் மாமியார், மாசம் தவறாம கோயிலுக்குப் போறவங்க. வாசல்ல வேப்பிலை செருகினது அவங்க. தாளிக்கிறதை நிறுத்தினது அவங்க. அவங்களே சொன்னாங்க: "ஆத்தா வேப்பிலை கேப்பா, கூழ் கேப்பா. உசுரைக் கேக்க மாட்டா. நீ போயிட்டு வா." அந்த ஒரு வார்த்தையிலதான் நான் கிளம்பினேன். இங்கே இருக்கிற மாமியார்மாருக்கு நான் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். அந்த நேரத்துல மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதா வேண்டாமான்னு முடிவு பண்றது நீங்கதான்.

ஏன் அன்னைக்கே போகணும்? இதுதான் நான் சொல்ல வந்ததுல முக்கியம். சின்னம்மைக் கிருமிக்கு மாத்திரை இருக்கு. பேரு அசைக்ளோவிர். முத்து தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா வளர்ந்தவங்களுக்கு நோய் கொஞ்சம் தணியும். நாளாக ஆக அதோட பலன் குறைஞ்சிடும். எனக்கு ஒரு நாளைக்கு 5 வேளைன்னு 7 நாளுக்குக் கொடுத்தாங்க. கடையில நாமளே கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது. சிறுநீரகம் சரியா இருக்கா, வயித்துல பிள்ளை இருக்கா, வேற மாத்திரை சாப்பிடுறோமான்னு பார்த்து டாக்டர்தான் அளவு சொல்லணும். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், பிள்ளைகளுக்கு அது ரொம்ப ஆபத்து. வலிக்குன்னு கடையில கொடுக்கிற வேற மாத்திரையையும் கேட்காமப் போடாதீங்க.

போகும்போது ஒரு முறை இருக்கு. நேரா போயி கூட்டத்துல உட்காரக் கூடாது. அங்கே கர்ப்பிணிகள் இருப்பாங்க, கைக்குழந்தை இருக்கும். முகக்கவசம் போட்டுக்கிட்டு, "அம்மை போட்டிருக்கு"ன்னு முன்கூட்டியே போன்ல சொல்லிட்டுப் போகணும். எனக்குச் செவிலியர் அம்மா அப்படித்தான் ஏற்பாடு பண்ணினாங்க.

நாலாவது நாள் எனக்கு வறட்டு இருமல் வந்துச்சு. கொல்லைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்குச்சு. முதல் நாளே டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாங்க, இருமலும் மூச்சுத் திணறலும் வந்தா விடியட்டும்னு பார்க்காதேன்னு. ராத்திரி 10 மணிக்கு 108-க்கு அடிச்சோம். நெஞ்சுப் படம் எடுத்ததுல நுரையீரல்ல இறங்கியிருந்தது தெரிஞ்சது. தனி அறையில 5 நாள் இருந்தேன். ஊசி வழியா மருந்து ஏத்துனாங்க, மூக்குல ஆக்சிஜன் வச்சாங்க. பிள்ளைகளை ஜன்னல் வழியாக்கூடப் பார்க்க முடியலை. "விளையாட்டம்மை"ன்னு பேரு வச்ச நோய்க்கு ஆக்சிஜன் வச்சுப் படுத்திருக்கேன்னு நினைச்சா எனக்கே நம்ப முடியலை. பிழைச்சு வந்தேன். ஆத்தா காப்பாத்தினான்னு சொல்வேன், டாக்டரும் செவிலியரும் காப்பாத்தினாங்கன்னும் சொல்வேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர் இல்லை.

எதெல்லாம் ஆபத்தான அறிகுறின்னு மனசுல வச்சுக்குங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத இருமல். குறையாத ஜுரம், அல்லது குறைஞ்சு மறுபடி ஏறுற ஜுரம். பிதற்றல், தள்ளாட்டம், கழுத்து விறைப்பு, நிறுத்தாத வாந்தி. கொப்புளத்தைச் சுத்திச் சிவந்து, சூடாகி, சீழ் வைக்கிறது. கொப்புளத்துல ரத்தம் கட்டுறது. இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய் இருக்கிறவங்க, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவங்க, ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க அறிகுறிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், முதல் நாளே போகணும்.

இப்போ எனக்கு ரொம்பப் பயம் கொடுத்த விஷயத்துக்கு வர்றேன். எங்க குழுக் கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்துச்சு. நான் நல்லாத்தான் இருந்தேன். சந்தா கட்டினேன், கையெழுத்துப் போட்டேன். புதன் ராத்திரி ஜுரம், வியாழன் முத்து. இந்த நோய் முத்து தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும். மூச்சுக் காத்து வழியாவே பரவும். அந்தக் கூட்டத்துல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது எங்க குழுத் தங்கச்சி ஒருத்தி. அவளுக்கு அப்போ நாலாவது மாசம்.

கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தா ரெண்டு உசுருக்கும் கவலை. தாய்க்கு நுரையீரல்ல இறங்குனா ரொம்பக் கஷ்டம். முதல் 20 வாரத்துக்குள்ள வந்தா, நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குப் பிள்ளையோட தோல், கை கால், கண், மூளை பாதிக்கலாம். நூத்துல மீதிப் பேருக்கு அப்படி ஆகறதில்லை. அதனால கருவைக் கலைக்கணும்னு யாரும் அவசரப்பட்டுச் சொல்லிடக் கூடாது. ஸ்கேன் எடுத்துக் கவனமாப் பார்க்கணும், அவ்வளவுதான். பிரசவத்துக்கு 5 நாள் முன்னாடியிலேருந்து 2 நாள் பின்னாடி வரைக்கும் தாய்க்கு முத்து போட்டா பிறந்த குழந்தைக்கு உயிர் ஆபத்து. தாய்கிட்டேயிருந்து எதிர்ப்புச் சக்தி போய்ச் சேர நேரம் இருந்திருக்காது. அப்போ குழந்தைக்கு உடனே சிகிச்சை வேணும்.

நான் படுக்கையிலேருந்தே எங்க ஊக்குநர் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவங்க அந்தத் தங்கச்சியை அன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போனாங்க. அம்மை பார்க்காத கர்ப்பிணி நோயாளி பக்கத்துல இருந்திருந்தா, எதிர்ப்புச் சக்தி கொடுக்கிற ஒரு ஊசி இருக்கு. 10 நாளுக்குள்ள போடணும், சீக்கிரம் போட்டா நல்லது. அதுக்கு முன்னாடி ரத்தத்தைப் பார்த்தா ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு தெரியும். அவளுக்குச் சின்ன வயசுல வந்துச்சான்னு அவ அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. ரத்தம் கொடுத்துட்டு முடிவு வர்ற வரைக்கும் அந்தப் பிள்ளையும் தூங்கலை, நானும் தூங்கலை. முடிவு வந்துச்சு. எதிர்ப்புச் சக்தி இருந்துச்சு. எப்பவோ லேசா வந்து போயிருக்கு, யாரும் கவனிக்கலை. இன்னைக்கு அவளோட மகள் அங்கன்வாடிக்குப் போறா.

இதுல ஒண்ணு கவனிங்க. நான் சொல்லாம இருந்திருந்தா அவளுக்குத் தெரியவே தெரியாது. அம்மையை மறைக்கிற வழக்கம் நம்மகிட்ட இருக்கு. ஏன் மறைக்கிறோம்? "என்ன தீட்டு பண்ணினே, எந்த வேண்டுதலை மறந்தே"ன்னு கேட்பாங்கன்னு பயம். நாளைக் கணக்குப் பண்ணிப் பாருங்க. கிருமி உடம்புக்குள்ள போன 10 நாள்லேருந்து 21 நாளுக்குள்ளதான் முத்து வரும். நேத்து நீங்க என்ன சமைச்சீங்க, எந்த வீட்டுக்குப் போனீங்கங்கிறதுக்கும் இன்னைக்கு வந்த முத்துக்கும் சம்பந்தம் இல்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் ஒரு வீட்ல இருந்தா ஒன்பது பேருக்கு வந்துடும். இதுல யாரைக் குத்தம் சொல்றது?

நம்ம பழைய வழக்கத்தை நான் குறை சொல்லலை. அதுல பாதுகாப்பு இருக்கு. வேப்பிலை செருகினா அந்த வீட்டுக்குள்ள யாரும் வரமாட்டாங்க, அந்த வீட்டுக்காரங்களும் விசேஷத்துக்குப் போகமாட்டாங்க. எழுத்துப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியற அறிவிப்புப் பலகை அது. இளநீர், மோர், பானகம், கேப்பைக் கூழ் எல்லாம் வாய்ப்புண்ணோட இருக்கிறவளுக்கு இறங்குற சாப்பாடு. நகத்தால சொறியாம வேப்பங்கொத்தால தடவிக்கிட்டா தழும்பு குறையும். இதெல்லாம் இருக்கட்டும்.

சிலதை மட்டும் மாத்திக்கலாம். குளிக்கவே கூடாதுன்னு 9 நாள் வச்சிருக்கிறது வேண்டாம். தலைக்குத் தண்ணி ஊத்துறதை வழக்கப்படி வச்சுக்குங்க. நடுவுல சுத்தமான தண்ணியில உடம்பை மெதுவா நனைச்சு, துடைக்காம ஒத்தி எடுத்தா கொப்புளத்துல சீழ் வைக்காது. உடைஞ்ச கொப்புளத்து மேல அரைச்சதையெல்லாம் அப்ப வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டணும். உடுத்துன துணியை அலசிப் போடணும். கவிச்சி வேண்டாம்னா வேண்டாம், ஆனா பருப்பு, தயிர், பயறுன்னு சத்து உள்ளே போகணும். பால் கொடுக்கிற தாய் பாலை நிறுத்திடாம முதல்ல டாக்டரைக் கேட்கணும். கொப்புளம் எல்லாம் பொருக்கு கட்டுற வரைக்கும் வெளியே போகக் கூடாது. புதுசா போடுறது நின்னு, கடைசிக் கொப்புளமும் காயணும். அதுவரைக்கும் பரவும்.

அக்கியைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. சின்னம்மை போனாலும் கிருமி உடம்பை விட்டுப் போறதில்லை. நரம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். வயசானப்போ, உடம்பு தளர்ந்தப்போ, ஒரு பக்கமா மட்டும் பட்டையா எரிச்சலோட கொப்புளமா வரும். அதைத்தான் அக்கிங்கிறோம். வேளார் வீட்ல போயி காவியால அக்கி எழுதிக்கிறோம். எழுதிக்குங்க, மனசுக்கு ஆறுதல். அதோட மூணு நாளுக்குள்ள டாக்டரையும் பார்த்துடுங்க. கண் பக்கம் வந்தா அன்னைக்கே போகணும், பார்வை போயிடும். அக்கி கொப்புளத்துத் தண்ணி பட்டா, அம்மை பார்க்காதவங்களுக்குச் சின்னம்மை வரும். அதனால அக்கி வந்த பெரியவங்க மடியில கைக்குழந்தையை வைக்காதீங்க.

தடுப்பூசி இருக்கான்னு கேட்பீங்க. இருக்கு. ஜப்பான்ல மிச்சியாகி தகாஹாஷின்னு ஒரு டாக்டர். 1964-ல அவரோட சின்ன மகனுக்குச் சின்னம்மை கடுமையா வந்து, பக்கத்துல உட்கார்ந்து பார்த்துத் தவிச்சிருக்கார். அப்புறம் உழைச்சு 1974-ல தடுப்பூசியைக் கண்டுபிடிச்சார். பல நாடுகள்ல இப்போ எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைப் போடுறாங்க. நம்ம நாட்டுல தனியார் டாக்டர்கிட்ட காசு கொடுத்துப் போட்டுக்கணும். ஒரு ஊசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆகும், ரெண்டு ஊசி வேணும். வளர்ந்தவங்களுக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம் இடைவெளியில போடுவாங்க. கர்ப்பிணிகள் போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாசத்துக்காவது கரு தரிக்காம பார்த்துக்கணும். வீட்ல ஒருத்தருக்கு வந்ததும் 3 நாள், 5 நாளுக்குள்ள மத்தவங்க போட்டுக்கிட்டாலும் பலன் உண்டு. கல்யாணம் நிச்சயமாகப் போற பொண்ணு, அம்மை பார்க்காதவளா இருந்தா, ஒரு கிராம் தங்கத்தைவிட இந்த ஊசி பெருசு.

கடைசியா குழு எனக்குச் செஞ்சதைச் சொல்லணும். என்கிட்ட கடன்ல வாங்கின ஒரு கறவை மாடு இருக்கு. அம்மை வீட்டுப் பால் வேண்டாம்னு வாடிக்கைக்காரங்க நிறுத்திட்டாங்க. மாட்டுக்கு இந்த நோய் வராது, பால்ல பரவாது. ஆனா அந்த நேரத்துல அதை யாருக்கு எடுத்துச் சொல்றது? மாட்டைக் கறக்கவும் ஆளில்லை. மாசத் தவணை நிக்குது. வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகலைன்னா கூலி இல்லை.

எங்க குழுவுல 12 பேர். ஊக்குநர் அக்கா ஒரு காரியம் பண்ணினாங்க. நோட்டை எடுத்து, யார் யாருக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்குன்னு கேட்டு எழுதினாங்க. ஏழு பேருக்கு வந்திருந்துச்சு. அந்த ஏழு பேர் மட்டும் முறை போட்டுக்கிட்டாங்க. ஒருத்தர் மாட்டைத் தன் கொட்டகைக்கு ஓட்டிக்கிட்டுப் போயி கறந்து ஊத்தினாங்க. ஒருத்தர் தண்ணி எடுத்து வச்சாங்க. ஒருத்தர் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாங்க. நான் ஆஸ்பத்திரியில இருந்த 5 நாளும் ராத்திரித் துணைக்கு மாறி மாறி ஆள் வந்துச்சு. மீதி நாலு பேர் வீட்டுப் பக்கமே வரலை. அவங்க வராம இருந்ததும் உதவிதான். என் சந்தாவை அக்கா கட்டினாங்க. தவணையை ஒரு மாசம் தள்ளி வச்சுத் தீர்மானம் எழுதினாங்க, அபராதம் போடலை. வண்டிச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உள்கடன் கொடுத்தாங்க. அதை நான் நாலு மாசத்துல அடைச்சேன்.

பிள்ளைக்கு அம்மை வந்தா பார்க்க அம்மா இருக்கா. அம்மாவுக்கே அம்மை வந்தா யார் பார்க்கிறது? அவ படுத்தா அடுப்பு எரியாது, மாடு கறக்காது, தவணை கட்டாது. அதனால்தான் பல பேர் ஜுரத்தோட எழுந்திரிச்சு வேலை பார்த்து, மூச்சு முட்டுற வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போறாங்க. அவளைப் படுக்க வைக்கிற தெம்பு குழுவுக்குத்தான் இருக்கு.

அதனால கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் நாலு:

1. ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி, அம்மை வந்தவங்க, வராதவங்க, கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவங்க யாருன்னு எழுதி வைக்கணும். வருஷம் ஒரு தடவை, தை மாசம் திருத்தி எழுதணும்.

2. யாருக்கு அம்மை வந்தாலும் அன்னைக்கே ஊக்குநருக்குச் சொல்லணும். சொன்னவளை ஒரு வார்த்தை குத்தமாப் பேசக் கூடாது. முதல் ரெண்டு நாள்ல அவகூட இருந்த கர்ப்பிணிகளுக்குத் தகவல் போகணும்.

3. வளர்ந்தவங்களுக்கு வந்தா 24 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பார்க்க வண்டிச் செலவைக் குழு உடனே கொடுக்கணும். கூட்டம் கூடட்டும்னு காத்திருக்கக் கூடாது.

4. பொருக்கு காயற வரைக்கும் அவளுக்குக் கூட்டத்துக்கு வராததுக்கோ தவணைக்கோ அபராதம் வேண்டாம். அம்மை வந்து போனவங்க முறை வச்சு வீட்டைப் பார்த்துக்கணும்.

இதெல்லாம் நம்மால முடியுமான்னு நினைக்காதீங்க. 1886-ல இதே புதுக்கோட்டையில பிறந்த முத்துலட்சுமி ரெட்டி டாக்டருக்குப் படிச்சாங்க. அவங்க பேர்லதான் இன்னைக்கு நம்ம பிள்ளைகளுக்கு மகப்பேறு உதவித்தொகை வருது. 1991-ல அறிவொளி இயக்கம் வந்தப்போ இந்த மாவட்டத்துல கல்லுடைக்கிற பெண்கள்கூட எழுத்துக் கத்துக்கிட்டாங்க, சைக்கிள் ஓட்டினாங்க. நம்ம அம்மாமார் அந்தக் கூட்டம். ஒரு நோட்டுல ஒரு பக்கம் எழுதறது நமக்கு ஒண்ணும் பெரிய வேலை இல்லை.

இந்தப் பங்குனிக்கு முத்துமாரிக்குப் பால்குடம் எடுக்க வர்றவங்க எல்லாரும் வாங்க, எங்க ஊர்ல மோர் தயாரா இருக்கும். வீட்டுக்குப் போனதும் உங்க அம்மாகிட்ட போன் பண்ணி, "எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க. பதிலை உங்க குழு நோட்டுல எழுதிடுங்க.